இன்யோ கவுண்டி நீர் ஆணையம்

இன்யோ கவுண்டி நீர் ஆணையம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தின் கிழக்கெல்லையில் உள்ள இன்யோ கவுண்டியில், நீர்வளம் மற்றும் அதனைச் சார்ந்த சுற்றுச்சூழல் குறித்துக் கவுண்டி அரசுக்கு ஆலோசனை வழங்கும் அமைப்பாகும். கவுண்டி என்பது மாநிலத்திற்கு அடுத்த நிலையில் உள்ள நிர்வாகப் பிரிவு ஆகும். இது மாவட்டத்தை ஒத்தது. எனினும் இதனை ஆளும் மேற்பார்வையாளர் அவையின் ஐந்து உறுப்பினர்களும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். ஆணையத்தின் உறுப்பினர்களை இவ்வவையே நியமிக்கிறது.

பின்னணி

இன்யோ கவுண்டியின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 19,000 மட்டுமே. இதன் மேற்குப் பகுதியில் சியேரா நெவாடா மலைத்தொடருக்குக் கிழக்கே ஓவன்ஸ் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. இங்கு மழை குறைவு. மலைப்பனி உருகி வரும் நீரே ஓவன்ஸ் ஆற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் ஆதாரம். தொல்குடியினரான பையூட் மக்கள் இப்பள்ளத்தாக்கை 'ஓடும் நீரின் இடம்' எனப் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். அவர்கள் வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சியவர்கள்.

வேகமாக வளர்ந்துவந்த லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1905 முதல் இப்பள்ளத்தாக்கின் நிலங்களையும் நீருரிமைகளையும் வாங்கத் தொடங்கியது. பொறியாளர் வில்லியம் மல்ஹாலண்டின் தலைமையில் கட்டப்பட்ட, சுமார் 375 கி.மீ. நீளமுள்ள லாஸ் ஏஞ்சலஸ் நீர்க்கால்வாய் 1913இல் திறக்கப்பட்டது. எக்கிகள் எவையுமின்றி, புவியீர்ப்பினால் மட்டுமே நீர் நகரை அடைகிறது. 1924இல் சினங்கொண்ட உள்ளூர் மக்கள் கால்வாயை வெடி வைத்துத் தகர்த்தனர். அலபாமா மதகுகளைச் சில நாட்கள் கைப்பற்றி நீரைத் திருப்பி விட்டனர். 1920களின் நடுப்பகுதிக்குள் ஓவன்ஸ் ஏரி பெரும்பாலும் வறண்டது. அதன் படுகையிலிருந்து எழுந்த தூசி பிற்காலத்தில் பெரும் காற்று மாசாக மாறியது. கவுண்டியில் சுமார் 2.5 லட்சம் ஏக்கர் நிலம் இன்றும் அந்நகரத்தின் உடைமையாக உள்ளது.

தோற்றம்

1970இல் இரண்டாவது கால்வாய் செயற்படத் தொடங்கியது. அதனை நிரப்ப நிலத்தடி நீர் பெருமளவில் இறைக்கப்பட்டது. ஊற்றுகள் வற்றின, புல்வெளிகள் கருகின. 1972இல் இன்யோ கவுண்டி, அதற்கு ஈராண்டுகளுக்கு முன் இயற்றப்பட்டிருந்த கலிபோர்னியா சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் லாஸ் ஏஞ்சலஸ் மீது வழக்குத் தொடுத்தது. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தேவை என மேல்முறையீட்டு நீதிமன்றம் 1973இல் தீர்ப்பளித்தது. நகரம் பின்னர் அளித்த இரு அறிக்கைகளும் போதுமானவையல்ல என நிராகரிக்கப்பட்டன.

1980இல் நிலத்தடி நீர் எடுப்பை முறைப்படுத்தும் அவசரமான தேவையை முன்னிட்டு, கவுண்டி ஆணை ஒன்றிற்கு வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தனர். நீர் ஆணையமும், ஆய்வுப் பணிகளை மேற்கொள்ளும் நீர்த்துறையும் இவ்வாணையின் வழியே தோன்றியவை. நீர் எடுப்பைக் கட்டுப்படுத்த அவ்வாணை அளித்த அதிகாரம் செல்லாது என 1983இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே கவுண்டி தனித்து ஆணையிட இயலாமல், நகரத்துடன் உடன்பாடு காண வேண்டியதாயிற்று. 1984இல் இடைக்கால உடன்பாடும், 1991இல் நீண்டகால நீர் உடன்பாடும் ஏற்பட்டன.

பணிகள்

ஆணையத்தின் கூட்டங்கள் பொதுமக்கள் முன்னிலையில் நடைபெறுகின்றன. நீர் இறைப்புத் திட்டங்கள், கண்காணிப்பு முடிவுகள் முதலியவற்றை ஆராய்ந்து, மக்களின் கருத்தையும் கேட்டு, ஆணையம் மேற்பார்வையாளர் அவைக்குப் பரிந்துரைக்கிறது. இறுதி முடிவு அவையினுடையதே.

உடன்பாடு செயற்படும் முறை

உடன்பாட்டின் அடிப்படை நோக்கம், 1980களின் நடுப்பகுதியில் தயாரிக்கப்பட்ட தாவர வரைபடத்தில் உள்ள நிலையிலிருந்து தாவரங்கள் சீர்கெடாமல் காத்து, அதே வேளையில் நகரத்திற்கு நம்பகமான நீர் வழங்குவதாகும். எடுத்துக்காட்டாக, நிலத்தடி நீரை நம்பியுள்ள புல்வெளி, வறண்ட புதர்க்காடாக மாறிவிடக் கூடாது.

இதற்கெனக் குறிப்பிட்ட கிணறுகள் கண்காணிப்பு இடங்களுடன் இணைக்கப்பட்டுள்ளன. ஓரிடத்தில் மண்ணிலுள்ள ஈரம் அங்குள்ள தாவரங்களின் தேவைக்குக் குறைவாக இருந்தால், அதனுடன் இணைந்த கிணறுகள் நிறுத்தப்படும். ஈரம் மீண்டும் தேவையான அளவை எட்டிய பின்னரே அவற்றை இயக்கலாம்.

இரு தரப்பின் வல்லுநர்களையும் கொண்ட தொழில்நுட்பக் குழுவும், அதற்கு மேல் நிலைக்குழுவும் உள்ளன. நிலைக்குழுவில் எத்தனை பேர் அமர்ந்தாலும் ஒவ்வொரு தரப்புக்கும் ஒரே வாக்கு மட்டுமே உண்டு. சிறிய கவுண்டியும் பெருநகரமும் இவ்வகையில் சமநிலை பெறுகின்றன. இணக்கம் ஏற்படாதபோது பிணக்கு நடுவரிடமும் நீதிமன்றத்திடமும் செல்லும்.

கீழ் ஓவன்ஸ் ஆற்றுத் திட்டம்

கால்வாயால் வறண்டுபோன ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு மீண்டும் நீர் விடுவதற்கு 1991 உடன்பாடும் 1997 புரிந்துணர்வு ஒப்பந்தமும் வகை செய்தன. பணி தாமதமானதால், 2005இல் நீதிமன்றம் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்திற்கு நாளொன்றுக்கு 5,000 டாலர் தண்டம் விதித்தது. 2006 டிசம்பரில் சுமார் 100 கி.மீ. நீளத்திற்கு ஆறு மீண்டும் ஓடத் தொடங்கியது. நொடிக்கு 40 கன அடி (ஏறத்தாழ 1,130 லிட்டர்) அடிப்படை நீரோட்டமாகப் பேணப்பட வேண்டும்.

முக்கியத்துவம்

2014 வரை கலிபோர்னியாவில் நிலத்தடி நீர் எடுப்பை மாநில அளவில் முறைப்படுத்தும் விரிவான சட்டம் இருக்கவில்லை. அதற்கு முன்னரே, தாவரங்களின் நிலையை அளவுகோலாகக் கொண்டு நீர் எடுப்பைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு இங்கு உருவானது. எனினும் உடன்பாடு தாவரங்களைப் போதிய அளவு காக்கிறதா என்பது குறித்த பிணக்குகள் பின்னரும் தொடர்ந்துள்ளன. பிளாக்ராக் பகுதியின் புல்வெளிகள் குறித்த பிணக்கு 2010களில் நடுவர் குழு வரை சென்றமை இதற்கு எடுத்துக்காட்டாகும்.