காந்தலில் ஒரு வாடகை வீடு
வாழ ஓர் ஊர் – 9

ஊட்டியில் குடியேறலாமா என்று எழுதிக் கேட்கும் வாசகர்களில் பெரும்பாலோர் மனத்தில் வைத்திருப்பது பெர்ன்ஹில் பக்கமோ எல்க் ஹில் சரிவோதான். ஜன்னலைத் திறந்தால் பைன் மரம், வாசலில் ஹைட்ரேஞ்சியா பூ. வாடகையைக் கேட்டதும் அந்தக் கனவு அங்கேயே முடிந்துவிடும். கடைச் சம்பளத்திலும் ஆட்டோ வருமானத்திலும் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இந்த ஊரில் இடமே கிடையாதா? உண்டு. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அவர்களுக்கு இடம் கொடுத்துவருவது காந்தல். நானும் அங்கேதான் குடியிருக்கிறேன். அதனால் இந்த வாரம் கொஞ்சம் நீட்டி எழுதுவேன்.

காந்தல் ஊட்டியின் மேற்குப் பக்கம், பிங்கர்போஸ்ட்டுக்குக் கீழே, பள்ளத்தில் கிடக்கிறது. ஒரு காலத்தில் தோடர்களின் மந்து என்னும் குடியிருப்பு இருந்த இடம். ஊட்டி 1866-ல் நகராட்சி ஆனது. வெள்ளைக்காரர்கள் வெயில் விழும் மேடுகளில் பங்களா கட்டிக்கொண்டார்கள். அவர்களுக்குச் சமைத்தவர்கள், குதிரை பார்த்தவர்கள், சாலை போட்டவர்கள், தெரு கூட்டியவர்கள் எல்லாம் பள்ளத்தில் வீடு கட்டினார்கள். கோவைப் பக்கமிருந்தும் மைசூர்ப் பக்கமிருந்தும் மலபாரிலிருந்தும் வந்தவர்கள். இன்றும் ஒரே சந்தில் தமிழ், கன்னடம், மலையாளம், தெலுங்கு நாலும் காதில் விழும். காசி விஸ்வநாதர் கோயில், மூவுலகரசியம்மன் கோயில், பள்ளிவாசல், குருசடித் திருத்தலம் எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. ஏசுநாதரின் சிலுவைத் துண்டு வைக்கப்பட்டிருப்பதாகக் கத்தோலிக்கர்கள் வணங்கும் அந்தக் குருசடியின் மே மாதத் திருவிழாவுக்கு எல்லா வீட்டிலிருந்தும் ஆள் போவார்கள்.

வீடு பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது: மே மாதத்தில் வராதீர்கள். மே மாதத்தில் எந்த வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும். ஜூலையில் வாருங்கள். தென்மேற்குப் பருவமழை நாலு நாள் விடாமல் பெய்த பிறகு, வீட்டுக்காரம்மா தேநீர் போட உள்ளே போகும்போது, சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரை விலக்கி உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஓதம் ஏறிய சுவர் என்றால் கை சில்லிடும், விரலில் சுண்ணாம்பு ஒட்டும். பீரோவின் பின்பக்கம் பூஞ்சை பூத்திருக்கிறதா என்று மூக்கே சொல்லிவிடும். குழந்தைக்கோ பெரியவர்களுக்கோ இளைப்பு இருந்தால் அந்த வீடு வேண்டாம், வாடகையைப் பாதியாகக் குறைத்தாலும் வேண்டாம். பிறகு வெயில். காலை வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று கேளுங்கள். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவிலிருந்து வழிந்து பள்ளத்தில் வந்து தங்கும். ஊட்டியில் உறைபனி என்று செய்தி வரும்போது குதிரைப் பந்தய மைதானத்தோடும் தலைக்குந்தாவோடும் காந்தலின் பெயரும் சேர்ந்தே வருவது அதனால்தான். ஜனவரி விடியற்காலையில் முக்கோணம் மைதானத்தின் புல் உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். பெர்ன்ஹில்லில் ஒரு கம்பளி போதுமென்றால் இங்கே இரண்டு வேண்டும்.

இத்தனையையும் தாண்டி நான் காந்தலைச் சொல்வதற்கு முதல் காரணம் வாடகை அல்ல. வீட்டுக்காரர் கேட்கும் கேள்வி.

கல்யாணமான புதிதில் நானும் என் மனைவியும் மேட்டுப் பகுதியில் வீடு தேடி அலைந்தோம். ஒரு வீட்டில் எல்லாம் பேசி முடிந்தது. அட்வான்ஸ் தொகைகூட முடிவாகிவிட்டது. படியிறங்கும்போது அந்த அம்மா கேட்டார்: “தம்பி, தப்பா நினைக்காதீங்க. நீங்க என்ன ஆளுங்க?” சொன்னேன். “வீட்டுக்காரரைக் கேட்டுட்டுச் சொல்றேனுங்க” என்றார். சொல்லவே இல்லை. இன்னோர் இடத்தில் கறி, மீன் சமைப்பீர்களா என்றார்கள். அதுவும் அதே கேள்விதான், வேறு வாசல் வழியாக வருகிறது, அவ்வளவே.

காந்தலில் இப்போது நாங்கள் இருக்கும் வீட்டைப் பார்க்கப் போனபோது அந்த அக்கா கேட்டது இது: “எத்தனை பேருங்க? தண்ணி தினமும் வராது, டிரம் இருக்குதா? தண்ணி வர்ற அன்னிக்கு யாராவது ஒருத்தர் வீட்ல இருக்கணும், பார்த்துக்கங்க.” என் மனைவி, “சரிங்கக்கா” என்றாள். முடிந்தது. காந்தலிலும் சாதி கேட்கும் வீடுகள் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வீட்டில் கேட்டால் அடுத்த சந்தில் கேட்காத வீடு கிடைக்கும். மற்ற இடங்களில் அப்படிக் கிடைப்பதில்லை. என் கணக்கில் முற்போக்கான ஊர் என்பதற்கு முதல் அளவுகோல் இதுதான்.

நாங்கள் தேடியது வீடு. ஊரையே தேடி நீலகிரிக்கு வந்தவர்களில் பெரிய கூட்டம் இலங்கையிலிருந்து வந்தது. 1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அவர்களைக் கேட்டு எழுதிய ஒப்பந்தமல்ல அது. தாயகம் திரும்பியவர்களுக்குத் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் இடமும் கடனும் ஒதுக்கினார்கள். தேயிலை கிள்ளத் தெரிந்த கைக்கு அங்கே வேலையில்லை. ஒதுக்கிய இடத்தை விட்டுவிட்டு, குளிரும் தேயிலையும் இருக்கிற நீலகிரிக்குத் தாங்களாகவே பஸ் ஏறியவர்கள் ஏராளம். கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் என்று பரவினார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காகவே தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள்தான் பின்னாளில் டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆயின. அரசு ஒதுக்கித் தந்ததைவிடத் தாங்கள் தேர்ந்தெடுத்த இடம் சரியாக இருக்கும் என்று கணித்த அந்த எளிய மனிதர்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் வந்தவர்களைப் போலவே போனவர்களும் அதிகம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தில் 7,62,141 பேர். 2011-ல் 7,35,394. தமிழ்நாடே வளர்ந்த பத்தாண்டில் இங்கே ஆள் குறைந்திருக்கிறது. பச்சைத் தேயிலை விலை விழுந்தது. ஊருக்கே சோறு போட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை நலிந்து மூடும் நிலைக்கு வந்தது. பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். ஆள் குறைந்தால் வாடகையும் குறைய வேண்டும் அல்லவா? குறையவில்லை. காலியான வீடுகளைச் சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் பிடித்துக்கொண்டார்கள். மாத வாடகையைவிட சீசனில் காட்டேஜாக நாள் வாடகைக்கு விடுவது லாபம். அந்தப் பழக்கம் மேட்டிலிருந்து இறங்கி இப்போது பள்ளத்தையும் எட்டிப் பார்க்கிறது.

என் அண்ணன் மகள் சிகாகோவில் இருக்கிறாள். வாடகை தாங்காமல், அக்கம்பக்கத்து மாநிலங்களில் செலவு குறைவாகவும் மனிதர்கள் பரந்த மனத்தோடும் இருக்கும் ஊராகத் தேடிக்கொண்டிருக்கிறாள். “மினியாபோலிஸா, மில்வாக்கியா, நீங்களே சொல்லுங்க சித்தப்பா” என்றாள். சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் அவளுக்காகப் படித்ததில் காந்தலுக்கு வேண்டிய பாடங்கள் கிடைத்தன.

மினியாபோலிஸில் நகரின் பெரும்பகுதியில் தனி வீடு மட்டுமே கட்டலாம் என்ற பழைய விதியை 2018-ல் ஒப்புதல் பெற்ற திட்டத்தின் மூலம் நீக்கினார்கள். பல குடும்பங்கள் வாழும் கட்டடங்களுக்கு வழிவிட்டார்கள். 2017-க்கும் 2022-க்கும் இடையில் மாநிலத்தின் மற்ற பகுதிகளில் வாடகை 14 சதவீதம் ஏறியபோது அந்த நகரில் ஏறியது 1 சதவீதம். நிறையக் கட்டு, வாடகை அடங்கும் என்பது அவர்கள் வழி. அந்த வழி நமக்கு மூடியிருக்கிறது, மூடியிருக்கவும் வேண்டும். மலைப்பகுதிக் கட்டட விதிப்படி இங்கே 7 மீட்டருக்கு மேல் கட்டடம் எழக் கூடாது. 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்த மாவட்டம் இது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. இந்த மண்ணின்மேல் அடுக்குமாடி ஏற்றச் சொல்ல எனக்கு வாய் வராது. அப்படியானால் மிச்சமிருப்பது ஒன்றுதான்: குடியிருக்கும் வீடுகளைக் குடியிருப்புகளாகவே காப்பது. அனுமதியில்லாமல் காட்டேஜாக மாறும் ஒவ்வொரு வீடும் ஒரு குடும்பத்தை மேட்டுப்பாளையத்துக்கு இறக்கிவிடுகிறது.

மில்வாக்கி கதை இன்னும் நெருக்கமானது. 1910-ல் எமில் சைடல் என்பவரை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். சோஷலிஸ்டு. அவருக்குப் பின் டேனியல் ஹோன் 1916 முதல் 1940 வரை, பிராங்க் சைட்லர் 1948 முதல் 1960 வரை. மூவரும் ஒரே கொள்கைக்காரர்கள். எப்போது பார்த்தாலும் கழிவுநீர், குடிநீர், பூங்கா என்றே பேசியதால் சொந்தக் கட்சிக்காரர்களே ‘சாக்கடை சோஷலிஸ்டுகள்’ என்று கேலி செய்தார்கள். அவர்களோ அந்தப் பெயரைப் பெருமையாகச் சூடிக்கொண்டார்கள். 1920-களின் தொடக்கத்தில் நகராட்சியே துணைநின்று தொழிலாளர்களுக்கு 105 வீடுகள் கட்டியது. அதே மில்வாக்கி இன்று கறுப்பர்களும் வெள்ளையர்களும் மிகவும் பிரிந்து வாழும் அமெரிக்க நகரங்களில் ஒன்றாகவும் இருக்கிறது. குழாய் போட்டுவிட்டால் மட்டும் மனிதர்கள் கலந்துவிட மாட்டார்கள் என்பதற்கு அது சாட்சி.

காந்தலில் இது தலைகீழ். மனிதர்கள் கலந்துவிட்டார்கள், சாக்கடைதான் சரியாகவில்லை. மேட்டுத் தண்ணீரெல்லாம் பள்ளத்துக்குத்தான் வரும். கனமழை நாளில் கால்வாய் நிரம்பித் தாழ்வான வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். ஆளிறங்கும் குழியின் மூடி தூக்கிக்கொண்டு கழிவு தெருவில் ஓடும். பாத்திரம் பண்டங்களைக் கட்டில்மேல் ஏற்றிவைத்துவிட்டு இரவெல்லாம் விழித்திருந்த குடும்பங்களை நான் அறிவேன். காந்தலில் வாடகை குறைவாக இருப்பதற்கு இந்தத் தண்ணீரும் ஒரு காரணம். மலிவு என்று நாம் மகிழ்ந்து சொல்வது, நகரம் இவர்களுக்குச் செலவழிக்காமல் விட்ட பணத்தின் மறுபெயர். குடிவருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். தெருவில் எந்தெந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று எதிர்க்கடைக்காரரிடம் கேளுங்கள், வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். வாசற்படி தெருவைவிட எத்தனை அடி உயரம் என்று பாருங்கள்.

ஊர் முழுக்கப் பொருந்தும் ஒரு நல்ல மாற்றமும் உண்டு. முன்பெல்லாம் நெஞ்சுவலி என்றால் கோயம்புத்தூர்தான். ஊசிவளைவுகளில் ஆம்புலன்ஸ் இறங்குவதற்குள் உயிர் போன கதைகள் எல்லாத் தெருவிலும் உண்டு. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று நீலகிரிக்கு வந்தது. 2025 ஏப்ரலில் 700 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் திறந்துவிட்டது. ஓய்வுபெற்றவர்கள் இங்கே வருவதா என்று தயங்கியதற்கான பெரிய காரணம் இதோடு சுருங்கியிருக்கிறது.

சரி, யார் வரலாம்? உடம்பு குளிர் தாங்குகிறவர்கள், கையில் வேலையோ பென்ஷனோ உள்ளவர்கள், பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலைத் தொந்தரவாக நினைக்காதவர்கள் வரலாம். சாதி மறுத்தும் மதம் மறுத்தும் மணந்துகொண்டு வீடு கிடைக்காமல் அலையும் பிள்ளைகள் கட்டாயம் வந்து பார்க்கலாம். தோட்டம், தனிமை, காட்சி வேண்டுவோருக்கு இந்த இடம் பொருந்தாது. இங்கே வேலை தேடிக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடு வருகிறவர்களை நான் தடுப்பேன். சீசன் முடிந்தால் கடைகளில் ஆட்களைக் குறைத்துவிடுவார்கள்.

வந்தால் ஒரு வேண்டுகோள். வாக்காளர் பட்டியலில் பெயரைக் காந்தலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஏப்ரலுக்குள் கால்வாயைத் தூர்வார வேண்டுமென்று வார்டில் மனு எழுதும்போது கையெழுத்துக்கு ஆள் பற்றாமல் போகிறது.

(அடுத்த வாரம்: கோத்தகிரி)