குதிரை மேல் இருந்து சண்டை போட்டது எப்படி?

தேசிங்குராஜன் கதையைக் கேட்டிருக்கிறீர்களா? தமிழ்நாட்டில் இருந்து பாராடாங் வந்த குடும்பங்களில் பாட்டி, தாத்தா சொல்லி இருப்பார்கள். ஊருக்குப் போனபோது தெருக்கூத்திலும் சிலர் பார்த்திருப்பீர்கள்.

தேசிங்கு செஞ்சிக் கோட்டையை ஆண்டவர். அவருடைய உண்மைப் பெயர் தேஜ்சிங். வடக்கே இருந்து வந்த ராஜபுத்திரக் குடும்பம். ஆற்காட்டு நவாபுடன் சண்டை போட்டு 1714-ஆம் ஆண்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 22.

பாட்டில் குதிரை பறக்கும். வாள் மின்னும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். வலது கையில் வாள். இடது கையில் கேடயம். அப்படியானால் குதிரையை ஓட்டுவது யார்? எங்கள் மையத்தில் படிக்கும் ஓர் அக்கா இப்படித்தான் கேட்டார். நல்ல கேள்வி.

குதிரையை ஓட்டுவது கால்.

நம் தீவில் குதிரையைப் பார்ப்பது அரிது. ஆனால் யானை நமக்குத் தெரியும். அந்தமான் காட்டில் யானைகள் மரம் இழுத்தன. யானைப்பாகன் கழுத்தில் உட்கார்ந்து, காதுக்குப் பின்னால் கால் விரலால் அழுத்துவார். யானை திரும்பும். குதிரையும் அப்படித்தான். வீரன் இடது காலால் குதிரையின் விலாவை அழுத்துவான். குதிரை வலது பக்கம் நகரும். வலது காலால் அழுத்தினால் இடது பக்கம் நகரும். கேடயத்தை இடது முன்கையில் வாரால் மாட்டி இருப்பான். அதே கையின் விரல்களில் கடிவாளத்தையும் பிடித்திருப்பான். வலது கை ஆயுதத்துக்கு.

சரி, கீழே விழாமல் இருப்பது எப்படி? அதற்கு உதவுவது அங்கவடி. சேணத்தின் இரண்டு பக்கமும் வாரில் தொங்கும் இரும்பு வளையம் அது. அதில் கால் வைத்துக் குதிரையில் ஏறுவார்கள். ஏறிய பிறகும் கால் அதிலேயே இருக்கும். மிகப் பழைய காலத்தில் அங்கவடி கிடையாது. தொடையால் இறுக்கிப் பிடித்துக் கொண்டுதான் சண்டை போட்டார்கள். அங்கவடி வந்த பிறகு வீரன் அதில் காலை ஊன்றி எழுந்து நிற்கலாம். பக்கவாட்டில் சாய்ந்து வெட்டலாம். பின்னால் திரும்பி அம்பு விடலாம். பார்த்தால் சின்ன வளையம்தான். சண்டை முறையையே அது மாற்றி விட்டது.

இனி ஆயுதங்களைப் பார்ப்போம். முதலில் ஈட்டி. குதிரை மேல் இருப்பவனுக்கு நீளமான ஈட்டி வேண்டும். இரும்பில் செய்தால் கனம் தாங்காது. அதனால் நம் நாட்டில் மூங்கிலில் செய்தார்கள். மூங்கிலை நமக்குச் சொல்லித் தர வேண்டுமா? உள்ளே பொந்து இல்லாத கெட்டி மூங்கிலாகப் பார்த்து எடுப்பார்கள். லேசாக இருக்கும். வளையும், எளிதில் உடையாது. முனையில் மட்டும் இரும்பு.

ஈட்டிக்குக் கையின் பலத்தை விடக் குதிரையின் வேகம்தான் பலம். குதிரை ஓடுகிற வேகம் முழுவதும் முனையில் போய் இறங்கும். குத்தியதும் உருவி எடுக்க வேண்டும். முடியாவிட்டால் ஈட்டியை விட்டுவிட வேண்டும். பிடித்துக் கொண்டே இருந்தால் வீரன்தான் கீழே விழுவான்.

ஈட்டி போனால் வாள். குதிரை வீரர்களின் வாள் பெரும்பாலும் வளைந்திருக்கும். வளைந்த வாள் அறுத்துக் கொண்டே வெளியே வந்து விடும், சிக்காது. ஆனால் வலது கையில் வாள் வைத்திருப்பவன் இடது பக்கம் வெட்டுவது கஷ்டம். குதிரையின் கழுத்து குறுக்கே வரும். அதனால் விவரம் தெரிந்த எதிரி இடது பக்கம் பின்னால் இருந்து வருவான்.

ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போனால் சேஷராயர் மண்டபத்தைப் பாருங்கள். குதிரைகள் பின்னங்காலில் எழுந்து நிற்கும். மேலே இருக்கும் வீரன் ஈட்டியால் புலியைக் குத்துவான். குதிரைக்குக் கீழே காலாள் நிற்பான். எல்லாம் கல். எனக்கு அந்தக் காலாளைப் பார்த்தால்தான் கவலையாக இருக்கும். ஏன் என்றால், உண்மைப் போரில் அவனுக்கு ஒரு வேலை உண்டு. மேலே இருப்பவனை அவனால் எட்ட முடியாது. அதனால் குதிரையின் காலை வெட்டுவான்.

குதிரை போனால் எல்லாம் போச்சு. நல்ல குதிரைக்கு விலை மிக அதிகம். பாண்டியர்கள் அரபு நாட்டில் இருந்தும் பாரசீகத்தில் இருந்தும் கப்பலில் குதிரை வாங்கினார்கள். அவை காயல் துறைமுகத்தில் வந்து இறங்கின. சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் மார்க்கோபோலோ என்ற வெளிநாட்டுப் பயணி இங்கே வந்தார். குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை, லாடம் அடிக்கவும் ஆள் இல்லை, அதனால் குதிரைகள் செத்துப் போகின்றன என்று அவர் எழுதினார்.

மராட்டியர் படையில் இரண்டு வகைக் குதிரை வீரர்கள் இருந்தார்கள். பார்கீர் என்பவருக்கு அரசு குதிரை கொடுக்கும். சிலேதார் சொந்தக் குதிரையோடு வருவார். சொந்தக் குதிரை செத்தால் அவருக்குப் பிழைப்பே போய்விடும். கடன் வாங்கி மாடு வாங்கியவர்களுக்கு அந்தப் பயம் புரியும்.

இப்போது செஞ்சிக்கு வருவோம். தேசிங்கின் அப்பா இறந்ததும் நவாபு வரி பாக்கியைக் கேட்டார். தேசிங்கு கொடுக்க மறுத்தார். பெரிய படை வந்தது. தேசிங்கின் படை மிகச் சிறியது. ஆற்றில் வெள்ளம் ஓடியது. வெள்ளம் வடியட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. குதிரையோடு ஆற்றில் இறங்கி விட்டார். எல்லாராலும் பின்னால் வர முடியவில்லை. கொஞ்சம் பேர்தான் அக்கரை சேர்ந்தார்கள்.

நவாபு யானை மேல் இருந்தார். பழகாத குதிரை யானையைக் கண்டால் மிரண்டு ஓடும். தேசிங்கின் குதிரை ஓடவில்லை. முன்னங்கால்களைத் தூக்கி யானை மேலேயே வைத்தது என்று சொல்கிறார்கள். ஆனால் அந்தக் குதிரையின் கால் நரம்பை எதிரிகள் வெட்டினார்கள். குதிரை விழுந்தது. தேசிங்கு தரையில் நின்று வாளால் சண்டை போட்டார். துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார் என்று செஞ்சி வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். தூரத்தில் நின்று சுடுகிறவனை வாள் என்ன செய்யும்?

தேசிங்கின் நண்பர் மகபத்கானும் அதே சண்டையில் இறந்தார். அவர் முஸ்லிம். கல்யாணப் பந்தலில் இருந்து எழுந்து, நீலவேணி என்ற குதிரையில் ஏறி, நண்பனுக்காக வந்தார் என்று பாட்டு சொல்கிறது.