ஒரு கல்லை எடுத்துட்டு வந்தா என்ன ஆகிடும்? திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

வீக்எண்ட் டிரிப் என்றாலே பெரம்பூர், ராயபுரம், திருவொற்றியூர் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வழக்கமான லிஸ்ட் உண்டு. மெரினா, மாமல்லபுரம், வண்டலூர், எதுவும் செட் ஆகலைன்னா ஏதாவது ஒரு மால். அந்த லிஸ்ட்டில் அதிகம் இடம்பிடிக்காத ஓர் இடம் சென்னையிலிருந்து சுமார் 150 கி.மீ. தொலைவில், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. பெயர், திருவக்கரை தேசிய கல்மரப் பூங்கா.

சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரங்கள் கல்லாக மாறி, செம்மண்ணில் பாதி புதைந்து கிடக்கும் இடம் இது. பெரிய தண்டுகளைச் சுற்றிச் சின்னச் சின்னத் துண்டுகளும் கிடக்கும். அதைப் பார்க்கிற யாருக்கும் தோன்றும் கேள்விதான் இது: "இவ்ளோ கிடக்கே, ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டுப் போனா என்ன ஆகிடும்?"

நியாயமான கேள்விதான். ஆனால், அதற்கான பதில் தெரிந்தால்தான் இந்தப் பூங்கா எதற்காக இருக்கிறது என்பதே புரியும்.

மரம் எப்படிக் கல்லாச்சு?

ஒரு மரம் விழுந்தால் கரையானும் பூஞ்சையும் பாக்டீரியாவும் அதைத் தின்று முடித்துவிடும். ஆனால், விழுந்த மரம் சீக்கிரமே மணலுக்கு அடியில் ஆழமாகப் புதைந்துவிட்டால் காற்று கிடைக்காது. மட்குவது மிகவும் மெதுவாகிவிடும்.

அந்த நேரத்தில் நிலத்தடி நீர் தன் வேலையைத் தொடங்குகிறது. மணல், பாறையிலிருந்து கரைந்த சிலிக்காவை அந்த நீர் மரத்தின் நுண்ணிய செல்களுக்குள் கொண்டுபோகிறது. செல் செல்லாக சிலிக்கா படிந்து இறுகுகிறது. மரப்பொருள் போய்விட்டாலும் அதன் வடிவம் அப்படியே நின்றுவிடுகிறது. அதனால்தான் கல்லான பிறகும் கணு, நார், வளையம் எல்லாம் கண்ணுக்குத் தெரிகின்றன. இரும்புச்சத்து கலந்த இடங்களில் சிவப்பு, பழுப்பு நிறங்கள் வருகின்றன.

திருவக்கரையில் என்ன இருக்கு?

இந்த மரங்களைப் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னெரா 1781-ல் பதிவு செய்தார். இப்போது இது இந்தியப் புவியியல் ஆய்வு மையம் (ஜி.எஸ்.ஐ.) அறிவித்த தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். சுமார் 247 ஏக்கர் பரப்பு ஒன்பது பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. அதில் ஒரு சிறு பகுதிக்குள் மட்டுமே பொதுமக்கள் போக முடியும். ஏறத்தாழ 200 கல்மரங்கள் உள்ளன. 3 மீட்டரிலிருந்து 15 மீட்டர் வரை நீளமானவை.

அறிவியலாளர்கள் இவற்றின் செல் அமைப்பை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக் குடும்பங்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். புளியமரம் சேர்ந்த அவரைக் குடும்பம், மருத மரக் குடும்பம், ஆமணக்குக் குடும்பம், ஊசியிலை மர வகை எனப் பட்டியல் நீள்கிறது. அதாவது, நம்ம ஊர் மரங்களின் தூரத்துச் சொந்தங்களும் இங்கே படுத்திருக்கின்றன.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். எந்த மரத்துக்கும் கிளையோ வேரோ இல்லை. எல்லாம் படுத்த நிலையில்தான் கிடக்கின்றன. இவை இங்கேயே வளர்ந்தவை அல்ல, பெருவெள்ளத்தில் அடித்துவரப்பட்டு, வழியில் கிளையும் வேரும் முறிந்து, இங்கே மணலில் புதைந்தவை என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தது அதை வைத்துத்தான்.

அப்போ டைனோசர் காலத்து மரமா?

இல்லை. டைனோசர்கள் அழிந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். இந்த மரங்கள் அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து வந்தவை.

குழந்தைகளுக்கு இதைப் புரியவைக்க காரிலேயே ஒரு கேம் ஆடலாம். 1 கி.மீ. என்பது 10 லட்சம் ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரம்பூர் ரயில் நிலையம்தான் இன்றைய நாள். அங்கிருந்து கிளம்பிக் காலத்தில் பின்னோக்கிப் போகிறோம்.

• 1 மீட்டரில் ராஜராஜ சோழன் காலம்.
• 10 மீட்டரில் மனிதர்கள் விவசாயத்தைத் தொடங்கிய காலம்.
• ஒன்றரை கி.மீ.யில் திருவள்ளூர் மாவட்டம் அதிரம்பாக்கத்தில் கிடைத்த கற்கோடரிகளின் காலம். இன்னும் பெரம்பூரையே தாண்டியிருக்க மாட்டீர்கள்.
• சுமார் 20 கி.மீ.யில், ஏறத்தாழ மீனம்பாக்கம் ஏர்போர்ட் பக்கத்தில், திருவக்கரை மரங்களின் காலம்.
• 66 கி.மீ.யில், செங்கல்பட்டு தாண்டிய பிறகுதான், கடைசி டைனோசர்.

அங்கிருந்து திண்டிவனம் தாண்டும் வரை கிரெட்டேசியஸ் காலம்தான். ஜி.எஸ்.டி. ரோடு டிராஃபிக்கில் போரடிக்காமலும் இருக்கும்.

சரி, ஒரு கல்லை எடுத்தா என்ன?

மரத்தண்டு எந்தத் திசையைப் பார்த்துக் கிடக்கிறது, எந்த மண் அடுக்கில் இருக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் தகவல். வெள்ளம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதற்கான துப்பும் அதிலேயே இருக்கிறது. இடத்தைவிட்டு எடுத்த துண்டில் மரத்தின் வகை வேண்டுமானால் தெரியலாம். கதை போய்விடும். ஷோகேஸில் அது ஒரு கல், அவ்வளவுதான்.

அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள கல்மரக் காடு இதற்கு நல்ல உதாரணம். 1906-லேயே தேசிய நினைவுச்சின்னமாகி, 1962-ல் தேசியப் பூங்கா ஆன இடம் அது. அங்கே துண்டுகளை எடுத்துச்சென்ற பலர், பிறகு மனசாட்சி உறுத்த, மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஆனால், எந்த இடத்தில் எடுத்தது என்று தெரியாததால் அவற்றைப் பழையபடி வைக்க முடியவில்லை. தனியாக ஒரு குவியலாகக் கொட்டிவைத்திருக்கிறார்கள். கல் திரும்பி வந்தது, தகவல் வரவில்லை.

அரியலூரில் தொலைந்த டைனோசர்

இழப்பு எவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்பதற்கு அமெரிக்கா வரை போகவும் வேண்டாம்.

அரியலூர் பகுதி கிரெட்டேசியஸ் காலத்தில் கடலாக இருந்தது. அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்தான் இன்று அங்குள்ள சிமென்ட் ஆலைகளின் மூலப்பொருள். அதே பகுதியில், கல்லமேடு கிராமத்தின் அருகே கிடைத்த பிரம்மாண்ட எலும்புகளுக்கு ஆய்வாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களின் இறுதியில் ஒரு பெயர் வைத்தார்கள்: புருஹத்காயோசாரஸ். 'பேருடல் கொண்ட பல்லி' என்று பொருள். உலகின் மிகப்பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று இன்றும் பேசப்படும் பெயர் அது.

ஆனால், அந்த எலும்புகள் இன்று இல்லை. ஏற்கெனவே நொறுங்கும் நிலையில் இருந்தவை உதிர்ந்து போயின. மிஞ்சியது வரைபடங்களும், 2022-ல் வெளியிடப்பட்ட பழைய போட்டோக்களும்தான். அது நிஜமாகவே அவ்வளவு பெரிதா என்று மறுபடி அளந்து பார்க்க இனி வழியில்லை.

பக்கத்து மாவட்டமான பெரம்பலூரில் நேர்மாறான கதையும் உண்டு. சாத்தனூரில் 18 மீட்டருக்கும் நீளமான கல்மரம் ஒன்றை ஜி.எஸ்.ஐ.யின் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-ல் பதிவு செய்தார். வேலி போட்டுப் பாதுகாக்கப்பட்டதால் இன்றும் அதே இடத்தில் கிடக்கிறது.

'டைனோசர் முட்டை' ஃபார்வர்டுகளை நம்பலாமா?

கொஞ்சம் பொறுங்க. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் அருகே பெரிய உருண்டைக் கற்கள் கிடைத்தபோது 'டைனோசர் முட்டை' என்று வாட்ஸ்அப்பில் பறந்தது. நேரில் ஆய்வு செய்தவர்கள் அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் எனும் பழங்கால கடல் உயிரிகளோடு தொடர்புடைய படிவுகள் என்று விளக்கினார்கள். இப்படிச் சரிபார்க்க முடிந்ததற்குக் காரணமும், கற்கள் கிடைத்த இடம் தெரிந்திருந்ததுதான்.

வேலி கல்லுக்கு மட்டுமா?

செம்மண் மணற்பாறை மழையில் எளிதாக அரிக்கப்படும். ஓரளவு அரிப்பு நல்லதுதான், புதைந்த மரங்கள் வெளியே தெரிவதே அதனால்தான். ஆனால், செடிகொடி இல்லாமல் நிலம் மொட்டையாகிவிட்டால் அரிப்பு வேகமெடுக்கும், கல்மரங்கள் உடைந்து உருளும். அதனால் பூங்காவில் உள்ள புதர்களும் மரங்களும் அலங்காரத்துக்கு இல்லை. மண்ணைப் பிடித்துவைத்திருப்பதே அவைதான். புதுச்சேரியை ஒட்டிய இந்தப் பகுதியின் இயற்கையான காடு, வறண்ட பசுமைமாறாக் காடு. அது இன்று துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது.

குழந்தைகளோட போனா என்ன பண்ணலாம்?

• ஒரு தண்டில் எத்தனை கணுக்கள், வளையங்கள் தெரிகின்றன என்று எண்ணச் சொல்லுங்கள்.
• மரங்கள் எந்தத் திசையில் படுத்திருக்கின்றன என்று போன் காம்பஸில் பார்த்துக் குறிக்கலாம். வெள்ளம் எந்தப் பக்கமிருந்து வந்திருக்கும் என்று அவர்களே யோசிக்கட்டும்.
• போட்டோ எடுக்கும்போது அளவு தெரிய, பக்கத்தில் ஒரு பேனாவை வைக்கலாம். ஆய்வாளர்கள் செய்வதும் இதைத்தான்.
• மரத்தின் மேல் ஏறி செல்ஃபி மட்டும் வேண்டாம். கல்லாக இருந்தாலும் விரிசல்விட்ட இடத்தில் உடையும்.

எப்படிப் போறது?

காரில் என்றால் ஜி.எஸ்.டி. ரோட்டில் திண்டிவனம், அங்கிருந்து மயிலம் வழியாகத் திருவக்கரை. பஸ்ஸில் என்றால் கிளாம்பாக்கத்தில் ஏறித் திண்டிவனத்தில் மாறலாம். காலையிலேயே போய்விடுவது நல்லது, வெயில் கடுமையாக இருக்கும். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கட்டாயம். ஊரில் உள்ள வக்ரகாளியம்மன் கோயிலில் பௌர்ணமி அன்று கூட்டம் அதிகம். கோயிலும் பார்க்க வேண்டும் என்றால் வேறு நாளில் திட்டமிடுங்கள். பார்வை நேரத்தைக் கிளம்பும் முன் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அவ்ளோ தூரம் முடியலைன்னா?

கிண்டி சிறுவர் பூங்காவில் ஒரு கல்மரம் காட்சிக்கு இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் புவியியல் பிரிவில் புதைபடிவங்கள் உள்ளன. பெரம்பூரிலேயே லோக்கல் ட்ரெயின் ஏறினால் திருவள்ளூர், அங்கிருந்து பூண்டியில் தொல்பழங்கால அருங்காட்சியகம். அதிரம்பாக்கத்துக் கற்கருவிகளை விட்டுச்சென்றவர்கள் வாழ்ந்தது கொசஸ்தலை ஆற்றுப் பகுதியில். அதே ஆறுதான் எண்ணூரில் கடலில் கலக்கிறது.

சட்டம் என்ன சொல்லுது?

புவியியல் பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கத் தனிச் சட்ட வரைவு ஒன்றை மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் மக்கள் கருத்துக்காக வெளியிட்டது. ஆனால், 247 ஏக்கரிலும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு காவலரை நிறுத்த எந்தச் சட்டத்தாலும் முடியாது.

வித்தியாசமான கல் ஏதாவது கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். போட்டோ எடுங்கள், லொகேஷனைப் பதிவு செய்யுங்கள், பூங்கா ஊழியரிடமோ அருகிலுள்ள அருங்காட்சியகத்திலோ காட்டுங்கள். கல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.