எருமை இறங்கிய குளம்: 'பிடித்த ஓவியம்' பற்றிச் சில குறிப்புகள்

கீரனூரில் வளர்ந்த எனக்கு முதல் ஓவியக்கூடம் டீக்கடைச் சுவர்தான். கோவில்பட்டி கொண்டையராஜு (1898-1976) பாணியிலான முருகனும் லட்சுமியும் அங்கே காலண்டராகத் தொங்கினார்கள். தேதிக் கட்டு தீர்ந்துபோனாலும் படத்தை யாரும் கிழிக்க மாட்டார்கள். பிற்பாடு நாலு சிறுபத்திரிகை படித்ததும் அந்தப் படங்களைப் பார்த்து இளிக்கப் பழகினேன். இளிக்கத் தெரிந்துவிட்டதையே ரசனை வந்துவிட்டதாக நம்பியும் இருந்தேன்.

ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் பார்வையாளர்களை ஆராய்ந்து பியர் பூர்தியூவும் அலென் தார்பெலும் 1966இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். கலையின் மீதான காதல் பிறவியிலேயே வருவதல்ல, குடும்பமும் பள்ளிக்கூடமும் ஊட்டியது என்பது அதன் சாரம். கதவு எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது. ஆனால் உள்ளே போனதும் என்ன செய்வதென்று தெரியாதவர், தனக்குத்தான் அறிவு போதவில்லை என்று முடிவுகட்டிக்கொண்டு வெளியேறுகிறார். 'எனக்குப் பிடித்த ஓவியம்' என்று சொல்கிறபோது அந்த 'எனக்கு' எங்கிருந்து வந்தது என்று கேட்டாக வேண்டியிருக்கிறது.

இதை எனக்குப் புரியவைத்தது பூர்தியூ அல்ல, என் சின்னம்மா.

ஒருநாள் அவரைத் திருக்கோகர்ணத்து அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். தொண்டைமான் சமஸ்தானக் காலத்தில், 1910இல் தொடங்கப்பட்டது. பாடம் செய்த விலங்குகள், செப்புத் திருமேனிகள் எல்லாவற்றையும் கையைக் கட்டிக்கொண்டே பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அங்கிருந்து சித்தன்னவாசல் போனோம். அறிவர் கோயில் என்ற அந்தச் சமணக் குடைவரை இன்று வழிபாட்டிடம் அல்ல. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள காட்சியிடம். கும்பிட்ட பொருள் காட்சிப் பொருளாகும்போது நேர்கிற மாற்றத்தைப் பற்றி வால்டர் பெஞ்சமின் எழுதியதை அவரிடம் விளக்கத் தொடங்கினேன். (நல்லவேளை, படியேறும் மூச்சிரைப்பில் பாதியில் நின்றது.)

தூணில் இருக்கும் நடனமாதைத்தான் நான் காட்டினேன். புத்தகங்களில் திரும்பத் திரும்ப அச்சாகிறவள் அவள்தானே. சின்னம்மா அதை ஒரு தரம் பார்த்துவிட்டு அண்ணாந்தார். முன்மண்டபத்து விதானம் முழுக்கத் தாமரைக் குளம். மீன்கள், பறவைகள், யானைகள், எருமைகள். கோவணம் கட்டிய மூன்று ஆண்கள் பூப்பறிக்கிறார்கள். ஒருவன் உடல் செங்காவி, இன்னொருவன் ஆரஞ்சுச் சாயல். மூன்றாமவன் தோளில் தாமரைக் கட்டு.

"ஏப்பா, எருமைய பாரு. கம்மாய்க்குள்ள எறங்குனா அதுக மூஞ்சி இப்பிடித்தான் ஆயிரும்" என்றார். அப்புறம், "இவன் தோள்ல துணி போடாம கட்டத் தூக்கிருக்கான். தண்டுல சின்னச் சின்ன முள்ளு இருக்கும்ல, ராத்திரி பூரா அரிக்கும்."

சின்னம்மா இளவயதில் பூப்பறித்துச் சந்தைக்குச் சுமந்தவர். அது எனக்குத் தெரியும். ஆனால் ஓவியத்தோடு சேர்த்து யோசித்ததில்லை.

அறிஞர்கள் இந்தக் குளத்தைச் சமவசரணத்தில் வருகிற குளமாக, பூப்பறிப்பவர்களைப் பவ்வியர்களாக, அதாவது வீடுபேற்றுக்குத் தகுதி பெற்ற அடியார்களாக வாசிக்கிறார்கள். அந்த வாசிப்பு தவறென்று சொல்ல மாட்டேன். தீர்த்தங்கரரின் உபதேசம் கேட்க எல்லா உயிரும் பகை மறந்து கூடும் இடம் சமவசரணம். யானையும் எருமையும் மனிதனும் ஒரே தண்ணீரில் நிற்பதற்கு அது நல்ல காரணம். ஆனால் ஓவியன் பவ்வியரை வரைய எவனைப் பார்த்தான்? கட்டு சரியாமல் பிடிக்கிற கையை அவன் மடத்தில் கண்டிருக்க முடியாது. சின்னம்மாவின் வாசிப்பு, சமய வாசிப்பு மூடிவைத்த உழைப்பைத் திறந்துகாட்டிவிட்டது.

இன்னொரு விஷயம். இந்த ஓவியங்களை முதலில் 7ஆம் நூற்றாண்டு மகேந்திரவர்மப் பல்லவன் கணக்கில் எழுதினார்கள். பிறகு, மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்லும் கல்வெட்டை வைத்து, 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கணக்குக்கு மாற்றினார்கள். எந்த ராஜா என்பதில் நடந்த வாதத்தில் நூற்றில் ஒரு பங்குகூட அந்தக் கோவணக்காரர்களைப் பற்றி நடக்கவில்லை. வரைந்தவன் பெயரும் கல்வெட்டில் இல்லை.

இறங்கி வரும்போது சின்னம்மா சொன்னார்: "எந்தக் கம்மாய்ல பூப்பறிச்சமோ அதுல எங்கள குளிக்க விட்டதில்ல. பூவுக்குத் தீட்டு இல்ல, எங்களுக்குத்தான்." ஊர்ப் பெயரையும் சொன்னார், நான் இங்கே எழுதவில்லை. இதே மாவட்டத்து வேங்கைவயலில், 2022 டிசம்பரில், தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. இந்த மண்ணில் எல்லோரும் இறங்கி நிற்கிற ஒரு குளத்தை ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் ஒருவன் விதானத்தில் வரைந்திருக்கிறான். நான் அத்தனை தரம் போயும் நடனமாதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

இப்போது எனக்குப் பிடித்தது எதுவென்று கேட்டால் தாமரைக் கட்டைச் சுமக்கிறவனைத்தான் சொல்வேன். அவன் நிறம் மங்கிக்கொண்டே வருகிறது. சுண்ணாம்புப் பூச்சும் அங்கங்கே உதிர்ந்துவிட்டது. குடைவரை மேற்குப் பார்த்தது. போகிறவர்கள் பின்மதியத்தில் போனால் வெளிச்சம் கொஞ்சம் உள்ளே வரும். தூணருகே நிற்காமல் நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள். கழுத்து வலிக்கும். கூடவே, குளத்தில் இறங்கிப் பழகிய யாரையாவது கூட்டிப்போங்கள்.