பின்னணி – 14: சங்கம் வைத்த இசையமைப்பாளர்

ஜெயகாந்தனின் 'உன்னைப்போல் ஒருவன்' படத்துக்கு வீணை சிட்டிபாபு போட்ட இசையைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த பக்கத்து மாடிப் பையன் ஒருவன் படிக்கட்டில் மடக்கினான். "சார், ஜெயகாந்தன் சினிமாப் பாட்டும் எழுதியிருக்காராமே, நெசமா?"

வல்லக்கோட்டையில் இப்போது பாதி வீடுகளின் மாடி இந்தப் பையன்களுக்குத்தான். அறைக்கு ஐந்து பேர், கொடியில் அஞ்சு கம்பெனிச் சட்டை. வல்லம் வடகால் சிப்காட்டிலோ ஒரகடத்திலோ ஷிப்ட் வேலை. செவ்வாய்க்கிழமை முருகன் கோயிலுக்கு வருகிற கூட்டமும் ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டமும் ஒரே டீக்கடையில் முட்டிக்கொள்ளும். இவனுக்கு ஊர் மன்னார்குடிப் பக்கம். ஐ.டி.ஐ. ஃபிட்டர். மூன்று வருடமாகக் கான்ட்ராக்ட்.

"எழுதியிருக்கார் தம்பி. 'தென்னங்கீற்று ஊஞ்சலிலே' அவரோடது."

"அய்யோ, அது எங்க தாத்தா பாட்டு! மியூசிக் எம்.எஸ்.வி.தானே?"

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்தப் பாட்டுக்கு இசை எம்.பி. சீனிவாசன். படம் 'பாதை தெரியுது பார்', 1960. அதுதான் அவருடைய முதல் படம். முதல் படத்திலேயே தமிழர்கள் அறுபது வருடத்துக்கு மேல் முணுமுணுக்கிற மெட்டைப் போட்டவரைத் தமிழர்களுக்கு ஏன் தெரியாமல் போயிற்று? கேரளத்தில் எம்.பி.எஸ். என்று மூன்று எழுத்தைச் சொன்னால் போதும், அறுபது வயதுக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்துவிடுவார்கள். இங்கே 'பழைய பாட்டு' என்று பொதுவாகப் பத்தோடு பதினொன்றாக வைத்துவிட்டோம்.

விதி, அதிர்ஷ்டம், சூழ்ச்சி என்று காரணம் அடுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எம்.பி.எஸ். எங்கே நிற்க வேண்டும் என்று அவரே முடிவு செய்தார். அந்த முடிவுக்கான விலையையும் அவரே கொடுத்தார். நமக்கும் அதில் ஒரு நஷ்டம் உண்டு.

மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன் 1925 செப்டம்பர் 19-ல் சித்தூரில் பிறந்தவர். மயிலாப்பூர் பி.எஸ். உயர்நிலைப்பள்ளி, மாநிலக் கல்லூரி, மாணவர் இயக்கம், கம்யூனிஸ்ட் கட்சி என்று போன வாழ்க்கை, டில்லியில் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் (ஏ.கே.ஜி.) செயலாளர் வேலையில் கொண்டுபோய் விட்டது. மனைவி ஜஹீதா, சைபுதீன் கிச்லுவின் மகள். 1919-ல் கிச்லுவையும் சத்யபாலையும் கைது செய்ததைக் கண்டித்துத்தான் ஜாலியன்வாலாபாக்கில் கூட்டம் கூடியது. சினிமாவுக்கு வரும்போதே இவருக்கு முப்பது தாண்டிவிட்டது. வாய்ப்புக் கேட்டு ஸ்டுடியோ வாசலில் நிற்கிற வயதும் இல்லை, அந்த மனநிலையும் இல்லை.

'பாதை தெரியுது பார்' படத்தை இயக்கிய நிமாய் கோஷும் அப்படிப்பட்ட ஆள்தான். 1950-ல் வங்கப் பிரிவினை அகதிகளை வைத்துச் 'சின்னமூல்' என்று ஒரு படம் எடுத்தார். கல்கத்தா வந்திருந்த ரஷ்ய இயக்குநர் புதோவ்கின் அதைப் பார்த்து மெச்சி, தன் நாட்டில் வெளியிட ஏற்பாடு செய்தார். பிறகு கோஷ் ஒளிப்பதிவாளராகச் சென்னைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். இடதுசாரி நண்பர்கள் சேர்ந்து நடத்திய குமரி பிலிம்ஸ் தயாரிப்பு, தொழிலாளர்கள் கதை. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், கே.சி.எஸ். அருணாசலம், ஜெயகாந்தன் என்று பாட்டுக்காரர்கள் வரிசை. பட்டுக்கோட்டை 1959 அக்டோபரிலேயே போய்விட்டார், படம் வெளிவந்ததை அவர் பார்க்கவில்லை. தேசிய விருதுப் பட்டியலில் படத்துக்குத் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. கொட்டகையில் ஓடவில்லை.

படம் ஓடாவிட்டாலும் பாட்டு ஓடியது. கே.சி.எஸ். எழுதிய 'சின்னச் சின்ன மூக்குத்தியாம்' டி.எம்.எஸ். குரலில் வானொலியில் எத்தனை ஆயிரம் தடவை ஒலித்திருக்கும்! இரண்டு பெரிய வெற்றிப் பாட்டைக் கையில் வைத்திருக்கும் புது இசையமைப்பாளர் அடுத்து என்ன செய்வார்? கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவார். எம்.பி.எஸ். வாத்தியக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு சங்கம் கட்டுவதில் இறங்கினார்.

இது எவ்வளவு விபரீதமான காரியம் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2024 செப்டம்பர் 9-ல் பக்கத்துச் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் உட்கார்ந்தார்களே, ஒரு மாதத்துக்கு மேல் நீடித்த அந்தப் போராட்டத்தில் முக்கியமான கோரிக்கை சங்கத்தைப் பதிவு செய்து அங்கீகரிக்க வேண்டும் என்பது. பதிவு கைக்கு வர 2025 ஜனவரி ஆயிற்று. சட்டம், நீதிமன்றம், தொலைக்காட்சி எல்லாம் இருக்கிற காலத்திலேயே இந்தப் பாடு.

எம்.பி.எஸ். காலத்து வாத்தியக்காரர் நிலைமை வேறு மாதிரி. ஜெமினி, ஏ.வி.எம்., மாடர்ன் தியேட்டர்ஸ் போன்ற ஸ்டுடியோக்கள் மாதச் சம்பளத்துக்கு ஆர்க்கெஸ்ட்ரா வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. ஸ்டுடியோக்கள் படம் எடுப்பதைக் குறைத்து, தனித் தயாரிப்பாளர்கள் பெருகப் பெருக, வயலின்காரரும் தபலாக்காரரும் கால்ஷீட் கணக்குக்கு வந்தார்கள். நிரந்தரத்திலிருந்து கான்ட்ராக்ட்டுக்கு. பாட்டையும் வாத்தியத்தையும் ஒரே நேரத்தில் பதிவு செய்கிற நாட்கள் அவை. யாரோ ஒருவர் ஒரு சுரம் பிசகினாலும் முதலிலிருந்து எல்லோரும் வாசிக்க வேண்டும். வாசித்து முடித்தபின் காசு எப்போது வரும் என்பது தயாரிப்பாளரின் சௌகரியம். நேர வரையறை, அதற்கு மேல் வாசித்தால் கூடுதல் பணம், வேலை முடிந்ததும் கூலி என்று இன்று சாதாரணமாகத் தோன்றுகிற ஏற்பாடுகளுக்குப் பின்னால் சினி மியூசிஷியன்ஸ் யூனியனின் பல வருடப் பேச்சுவார்த்தை இருக்கிறது. அதை முன்னின்று கட்டியவர் எம்.பி.எஸ். தென்னிந்தியத் திரைத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சி உருவானதிலும் அவருக்கும் நிமாய் கோஷுக்கும் பங்கு உண்டு.

இதில் ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். இசையமைப்பாளர் பாதி முதலாளி. வாத்தியக்காரரை அழைப்பதும் கழிப்பதும் அவர் கையில். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே எதிர் வரிசைக்காகப் பேசியவர் இவர். அப்படிப் பேசுகிறவரைக் கூப்பிட்டு அடுத்த படம் கொடுக்கத் தயாரிப்பாளருக்குப் பைத்தியமா? 1961-ல் 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' என்று விஸ்வநாதன்–ராமமூர்த்தி கொடி பறந்துகொண்டிருந்தது. தமிழ்ப் பட உலகத்துக்கு இவருடைய தேவையும் அப்போது இல்லை. எழுபதுகளின் நடுவில் 'புது வெள்ளம்', 'மதன மாளிகை' என்று தமிழில் சில படங்கள் வந்தன. இரண்டுக்கும் இயக்குநர் கே. விஜயன், 'பாதை தெரியுது பார்' படத்தின் கதாநாயகன். பழைய தோழர் கூப்பிட்டதால் வந்த வேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எம்.பி.எஸ். இசையமைத்த தமிழ்ப் படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு ஒப்பீடு சொல்லாமல் போக முடியவில்லை. இதே செங்கொடி மேடையிலிருந்து வந்த இன்னொருவர் இளையராஜா. அண்ணன் பாவலர் வரதராசன் கட்சி மேடைகளில் நடத்திய கச்சேரிதான் அவருக்குப் பள்ளிக்கூடம். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபின் அவர் தன் முழு நேரத்தையும் இசைக்குக் கொடுத்தார். ஆயிரம் படம் தாண்டினார். எம்.பி.எஸ். நேரத்தைக் கூறுபோட்டார்: சங்கத்துக்குக் கொஞ்சம், சேர்ந்திசைக்குக் கொஞ்சம், மிச்சம் சினிமாவுக்கு. யார் செய்தது சரி என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. கேட்கிறவனாக நான் இளையராஜா பக்கம். கூலிக்கு வாசிக்கிறவனாக இருந்தால் எம்.பி.எஸ். பக்கம் நின்றிருப்பேன்.

மலையாளம் அவரை வைத்துக்கொண்டது. 1961 நவம்பர் 14-ல் சென்னை பரணி ஸ்டுடியோவில் 'கால்பாடுகள்' படத்துக்காக நாராயண குருவின் நான்கு வரியை ஓர் இளைஞனைப் பாட வைத்தார். ஜேசுதாஸின் முதல் சினிமாப் பதிவு அது. இந்தத் தகவல் கேரளத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஓ.என்.வி. குறுப்புடன் அவர் செய்த பாட்டுகளுக்கு இன்றும் அங்கே தனி மரியாதை. ஆனால் இந்தத் தொடரில் நமக்கு வேண்டியது பாட்டு இல்லாத இடம்.

அடூர் கோபாலகிருஷ்ணனின் முதல் படம் 'சுயம்வரம்', 1972. இசை எம்.பி.எஸ்., பாட்டே கிடையாது. ஆரம்பத்தில் ஒரு நீண்ட பஸ் பயணம், வசனம் இல்லாமல். வீட்டை எதிர்த்துக் கிளம்பி வந்த ஜோடி அது. பிறகு அவனுக்கு ஒரு மர அறுவை மில்லில் கணக்கெழுதும் வேலை கிடைக்கிறது. அந்த வேலையிலிருந்து துரத்தப்பட்ட ஆள் வந்து வந்து நின்று இவனைப் பார்க்கிறான். ஒன்றும் சொல்வதில்லை. பரத் கோபி நடித்த சின்ன வேடம். நம் மாடிப் பையனுக்கு இந்தக் காட்சி புரிய வசனத் தமிழாக்கமே வேண்டாம். இப்படி ஒரு காட்சிக்கு வயலின் கூட்டத்தை அழைத்து அழ வைப்பது எந்த இசையமைப்பாளருக்கும் கைவந்த கலை. அடூர் படத்தில் அறுவை ரம்பத்தின் சத்தத்துக்கும் பஸ்ஸின் இரைச்சலுக்கும் இசைக்குள்ள மரியாதை உண்டு. எங்கே வாசிக்கக் கூடாது என்று தெரிந்த ஆள்தான் அங்கே பிழைக்க முடியும். அடுத்த படமான 'கொடியேற்றம்' படத்தைப் பின்னணி இசையே இல்லாமல் முடித்தார் அடூர். இசை இல்லாமலும் படம் எடுக்கத் தெரிந்தவர், 1981-ல் 'எலிப்பத்தாயம்' எடுக்கும்போது திரும்ப எம்.பி.எஸ்ஸைத்தான் அழைத்தார். ஒரு இசையமைப்பாளருக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குத் தெரியவில்லை.

அதற்கு அடுத்தது 1984-ல் 'முகாமுகம்'. ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றில் சங்கத்தை வளர்த்த கம்யூனிஸ்ட் தலைவர் ஸ்ரீதரன் தலைமறைவாகிறார். செத்துவிட்டார் என்று நினைத்து நினைவுச் சின்னம்கூட எழுப்பிவிடுகிறார்கள். கட்சி உடைகிறது. வருடங்கள் கழித்து அவர் திரும்பி வருகிறார். வந்து தூங்குகிறார், குடிக்கிறார். அவரைத் தெய்வமாக நினைத்த தொழிலாளிகளுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடம். கடைசியில் அவர் கொலையானதும் பழையபடி தியாகியாக்கி ஊர்வலம் போகிறார்கள். படம் வந்தபோது கேரள இடதுசாரிகள் கொதித்தார்கள். கம்யூனிஸ்ட் விரோதப் படம் என்ற பேச்சு எழுந்தது.

ஏ.கே.ஜி.யின் செயலாளராக இருந்தவர், வாழ்க்கையில் பாதியைத் தொழிற்சங்கத்துக்குக் கொடுத்தவர், இந்தப் படத்துக்கு இசையமைத்திருக்கிறார். 'இது நம்ம படம் இல்லை, வேறு ஆளைப் பாருங்கள்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் எடுத்த தொழில் முடிவுகளிலேயே பெரியது இதுதான் என்பேன். தன் இயக்கத்தின் மேல் கேள்வி கேட்கிற படத்துக்கு இசையால் கைகொடுக்க ஒரு நெஞ்சுரம் வேண்டும். ஜெர்மன் கம்யூனிஸ்ட் இசையமைப்பாளர் ஹான்ஸ் ஐஸ்லரை 1948-ல் அமெரிக்கா நாட்டைவிட்டு அனுப்பியது என்று உலக சினிமா வரலாறு பெரிதாகப் பேசும். எதிராளி அடிக்கும்போது தாங்குவது ஒரு விதம். சொந்த வீட்டுக்காரர்கள் கோபிப்பார்கள் என்று தெரிந்து ஒரு வேலையை ஏற்பது அதைவிடக் கடினம்.

தமிழுக்கும் அவர் அப்படி ஒன்று கொடுத்துவிட்டுத்தான் போனார். ஜான் ஆபிரகாம் இயக்கிய 'அக்ரஹாரத்தில் கழுதை', 1977, திரைக்கதை வெங்கட் சாமிநாதன். அநாதைக் கழுதைக் குட்டியை எடுத்து வளர்க்கப் போய் அக்ரகாரத்தின் கோபத்துக்கு ஆளாகும் பேராசிரியர் நாராயணசாமியாக நடித்தவர் எம்.பி.எஸ். இசையும் அவரே. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கிய படம், தூர்தர்ஷனில் ஒளிபரப்பாக இருந்து எதிர்ப்பால் நிறுத்தப்பட்டது. அந்தப் படத்தைப் பற்றி ஜானை வைத்து நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், கழுதையை வைத்தும் எழுதியிருக்கிறார்கள். அதன் இசையை வைத்து நான் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை.

மெட்ராஸ் யூத் கொயர் பற்றித் தனியாகவே ஒரு அத்தியாயம் எழுதலாம். பாட்டு கற்றிராத கல்லூரிப் பிள்ளைகளையும் அலுவலகம் போகிறவர்களையும் நிற்க வைத்து, பாரதியைப் பல குரல் அடுக்கில் பாட வைத்தார். பம்பாயில் சலில் சௌத்ரி செய்ததை இங்கே இவர் செய்தார். நட்சத்திரப் பாடகர் வேண்டாம், எல்லோரும் பாடலாம் என்பது அந்தச் சேர்ந்திசையின் கட்சி. லட்சத்தீவுக்குப் போய் அங்குள்ளவர்களுக்குச் சேர்ந்திசை கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் 1988 மார்ச் 9-ல் இறந்தார். வயது 62.

ஒரகடம், சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மே தினத்துக்கு மேடை கட்டுகிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருடா வருடம் அதே நாலு எம்.ஜி.ஆர். பாட்டைப் போடுகிறீர்கள், நல்ல பாட்டுத்தான், குறை சொல்லவில்லை. இந்த முறை 'பாதை தெரியுது பார்' பாட்டுகளையும் சேர்த்துப் போடுங்கள், இசை எம்.பி. சீனிவாசன் என்று மைக்கில் பேர் சொல்லிப் போடுங்கள். இருட்டிய பிறகு கூட்டம் கலையாமல் இருந்தால் ஒரு வெள்ளைத் துணி கட்டி 'முகாமுகம்' திரையிடுங்கள். கோபம் வரும், சண்டை வரும். வரட்டும்.

(தொடரும்)