பத்து ரூபாய் நாணயம்: செல்லும் காசு, செல்லாத பேச்சு

மாலையில் கடையில் கூட்டம் நெரியும் வேளையில் ஒரு வாடிக்கையாளர் இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை எடுத்து, "அண்ணாச்சி, இதை வாங்குவீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் நீட்டுகிறார். அரசாங்கம் அடித்துக் கொடுத்த காசைத் தருவதற்குக் கடைக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது! நாமும் பல நேரம், "நோட்டா இருந்தா குடுங்க" என்று சொல்லிவிடுகிறோம்.

இரு உலோகத்தாலான இந்த நாணயம் 2009-இல் மக்கள் கைக்கு வந்தது. 2011-இல் ரூபாய்ச் சின்னம் சேர்ந்தது. இடையிடையே நினைவு நாணயங்களும் வந்தன. ஒன்றில் பத்துக் கோடு, இன்னொன்றில் பதினைந்து கோடு. "பதினைந்து கோடு போட்டது கள்ளக்காசு" என்று யாரோ கிளப்பிய புரளி ஊரெங்கும் பரவிவிட்டது. அதுவரை வெளிவந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 17-1-2018 அன்று அறிவித்தது. 2019 ஜூனில் மறுபடியும் சொன்னது. புரளிக்கு இருக்கும் வேகம் அறிவிப்புக்கு இல்லை.

2022-இல் தருமபுரி மாவட்டம் அரூரைச் சேர்ந்த ஒருவர், சேலத்தில் சுமார் 6 லட்சம் ரூபாய்க்குப் பத்து ரூபாய் நாணயமாகவே கொடுத்துக் கார் வாங்கினார். அவருடைய தாயார் நடத்தும் கடையில் மீதிச் சில்லறையாக இந்தக் காசை யாரும் வாங்கவில்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1979-இல் வெளியிட்ட டாலர் நாணயம் கால் டாலரைப் போலவே இருந்ததால் மக்கள் ஒதுக்கினார்கள். 2007 முதல் குடியரசுத் தலைவர்களின் உருவத்துடன் அடித்தவையும் 100 கோடிக்கு மேல் பெட்டகங்களில் தேங்கின. 2011 டிசம்பரில் புழக்கத்துக்காக அடிப்பதையே நிறுத்தினார்கள். சட்டப்படி அவை இன்றும் செல்லும். ஆனால் கூடவே டாலர் நோட்டும் இருக்கும்போது காசை யார் சுமப்பார்கள்? நம் ஊரிலும் பத்து ரூபாய் நோட்டு, கிழிந்தும் ஒட்டியும், ஓடிக்கொண்டுதானே இருக்கிறது!

2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நாணயங்கள் 1,000 ரூபாய் வரையிலான தொகைக்குச் செல்லும். வங்கியில் செலுத்த வரம்பே இல்லை; நூறு நூறாகப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுபோனால் எண்ணுவது எளிது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. ஆனால் பையோடு போய் நின்றால், "காஷியர் ஒருத்தர்தான், நாளைக்கு வாங்க" என்ற பதில் கிடைப்பதும் நாம் பார்ப்பதுதான். அப்படிப்பட்ட இடத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

நமக்குள்ளேயே ஒரு குறை உண்டு. மளிகைக் கடைக்காரர் வாடிக்கையாளரிடம் வாங்கிவிடுகிறார். கொள்முதலுக்குப் போகும்போது மொத்த வியாபாரி வேண்டாம் என்கிறார். காசு சிறிய கடையின் கல்லாவிலேயே முடங்கிவிடுகிறது, முதல் அல்லவா முடங்குகிறது? நூறு காசு கொண்ட ஒரு பை சரியாக 1,000 ரூபாய். மொத்த வியாபார அன்பர்கள் ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு பையாவது மறுக்காமல் வாங்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.