தண்ணீர்மலைக்கு எந்த வழி?

தைப்பூசத்துக்கு சுங்கை பாக்காப்பிலிருந்து கூட்டாளிகளோடு தண்ணீர்மலைக்கு நடக்கப் போகிறீர்களா? பினாங்குப் பாலத்தில் நடக்க அனுமதியில்லை. பட்டர்வொர்த் வரை 25 கிலோமீட்டருக்கு மேல் நடந்து பெர்ரி ஏறணும். அக்கரையில் மலைக்கோயிலுக்கு 513 படி.

செம்பனைக்காட்டுப் பாதை நிழல்தான். ஆனால் ஆள் மயங்கினால் வண்டி வராது. சிம்பாங் அம்பாட், பிறை வழியாகப் பெரிய ரோட்டிலேயே, பொழுது சாய்ந்து கிளம்புங்கள்.

அதற்குமுன், கூட்டத்தில் இனிப்புநீர்க்காரர் யாரென்று கேளுங்கள். இனிப்புநீர் முற்றினால் பாதம் மரத்துப்போகும். கல் குத்தினாலும் தெரியாது. புண் புரையோடி, விரலை எடுக்கிற மட்டுக்கும் போய்விடும். 'வேண்டுதலய்யா, செருப்புப் போடமாட்டேன்' என்பவர் பட்டர்வொர்த் வரை பஸ்ஸில் வரட்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். மற்றவர்கள் நிற்குமிடமெல்லாம் டார்ச் அடித்து ஒருவர் காலை ஒருவர் பாருங்கள். மருந்து சாப்பிடுகிறவர் விரதத்துக்கு முன்பே டாக்டரைக் கேட்டுவிடணும்.